பிள்ளையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். ஏழு வயதுப் பையன். பேச்சு வரவில்லை, ஓரிடத்தில் நிற்பதில்லை, கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடிவிடுவான். ஆட்டிசம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவர் சொல்லியிருந்தார். தாய் கொண்டுவந்த ஃபைலில் எல்லாத் தாள்களும் தேதிவாரியாக இருந்தன. நான் அதை மூடிவைத்துவிட்டு, "நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு, "மேடம், நேற்று அவனை அடித்துவிட்டேன்" என்றார்.

நான் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டேன். அவர் சொன்னதும் அதற்கான பதில்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 12 ஆண்டுகளாக மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மிகையான துறுதுறுப்பு, அடங்காத கோபம் என்று பிள்ளைகளின் பெயரில்தான் சீட்டு போடப்படுகிறது. ஆனால் அறைக்குள் முதலில் உடைந்து அழுவது பெரும்பாலும் கூட வந்தவர்தான். இங்கே நான் சொல்லும் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தகப்பன்மார் பலர் வீட்டில் இருப்பதில்லை. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் ஷிப்ட். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வருவார்கள். மீதி நாளெல்லாம் அந்தப் பெண்ணும் பிள்ளையும் மாமியாரும். சுற்றிலும் அறிவுரை. "நாக்கில் தேன் தடவு." "அவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்." "தாயத்து கட்டினாயா?" "ரெண்டு போட்டால் சரியாகிவிடுவான்." அடித்தால் அதற்கும், "பெற்ற பிள்ளையை இப்படியா அடிப்பது?" மழைக்குப் பஞ்சம் வந்தாலும் அறிவுரைக்குப் பஞ்சம் வராத மாவட்டங்கள் இவை. நாங்களும் சேர்த்தி. வெள்ளைத்தாளில் பத்துப் பயிற்சிகள் எழுதிக் கொடுத்து, "தினமும் வீட்டில் செய்யுங்கள்" என்று அனுப்பிவிடுகிறோம். எந்த நேரத்தில், எந்தக் கையால் செய்வது என்று கேட்பதில்லை. தொழிலுக்கு வந்த முதல் மூன்று நான்கு ஆண்டுகள் நானும் அப்படித்தான் அனுப்பினேன்.

மனநோய் உள்ளவர்களின் குடும்பச் சுமையை அளக்க நம் நாட்டில் பாய், கபூர் என்ற இருவர் ஒரு கேள்வி நிரலை உருவாக்கினார்கள். 1981இல் வெளியான அதை இன்றும் பயன்படுத்துகிறோம். பணம், அன்றாட வேலை, பொழுதுபோக்கு, குடும்பத்துக்குள் உறவு, மற்றவர்களின் உடல்நலம், மனநலம் என்று ஆறு பிரிவுகளில் அது கேட்கிறது. நான் அதன் வரிசையில் தாய்மாரிடம் பேசிப் பார்ப்பதுண்டு. பணம் என்றதும் கணக்கு மளமளவென்று வரும். பொழுதுபோக்கு என்றதும் பேச்சு நின்றுவிடும். ஊத்தங்கரைக்காரர் ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "இங்கே வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருவேன்" என்றார். அதுவும் பையன் தூங்கினால்தான்.

சோர்வு வெறும் மனவருத்தமாக நின்றுவிடுவதில்லை. பிள்ளையின் நடத்தைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளை போன் கேட்டுக் கத்துகிறது. தாய் மறுக்கிறார். கத்தல் கூடுகிறது, தலை சுவரில் மோதுகிறது. தாய் போனைக் கொடுக்கிறார். உடனே அமைதி. இதில் இருவருக்குமே பாடம் கிடைத்துவிட்டது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்தால் ஓயும் என்று தாயும் கற்றுக்கொண்டார்கள். கொடுக்காமல் ஓங்கி அடித்தாலும் இதே கதைதான். அந்த நொடியில் சத்தம் நிற்பதால் அடுத்த முறை கை தானாக எழுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் இந்தச் சுழலைப் பல ஆண்டுகள் குடும்பங்களுக்குள் இருந்தே கவனித்து விளக்கியவர்.

சுழலை அறுக்க வழி உண்டு. போன் கிடையாது என்றால் கிடையாதுதான், அதே சமயம் பிள்ளை அமைதியாக இருக்கும் நேரங்களைத் தேடிப் பிடித்துப் பாராட்ட வேண்டும். சொல்ல எளிது. கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்களில் கத்தல் குறையாது, முன்பைவிட ஏறும். இதுவரை பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று பிள்ளை இன்னும் ஓங்கிக் கத்திப் பார்க்கும். அந்த நாட்களைத் தாண்ட வேண்டும். மூன்று மணி நேரம் தூங்கிய ஒருத்தி, அடுப்பில் களி கொதிக்க, திண்ணையிலிருந்து மாமியார் "பிள்ளையை ஏன் அழவிடுகிறாய்" என்று குரல் கொடுக்க, தனியாக அதைத் தாண்டிவிடுவாள் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பாதியில் அவள் போனைக் கொடுத்துவிட்டால், இன்னும் அதிகமாகக் கத்தினால் கிடைக்கும் என்று பாடம் முற்றிவிடும்.

அதனால்தான் பயிற்சித் தாளை நீட்டும் முன் இன்னொரு கையைத் தேடுகிறேன்.

கிருஷ்ணகிரி பிரியாத பழைய தருமபுரி மாவட்டத்தில்தான், 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. வட்டமாக உட்கார்வது, வருகை எடுப்பது, சேமிப்பை நோட்டில் எழுதுவது எல்லாம் இந்த ஊர்ப் பெண்களுக்குப் பாட்டி காலத்துப் பழக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு தாய்மார்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "ரூபாயைச் சேர்க்கிறோமே, மணியைச் சேர்க்க முடியாதா?" யோசனை அவருடையது. நான் செய்ததெல்லாம் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்ததுதான்.

அங்கன்வாடிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, வாரம் இரண்டு நாள் அங்கே கூடினார்கள். இரண்டு பேர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள், மற்ற நால்வருக்கு இரண்டு மணி நேரம் விடுதலை. யார் எத்தனை மணி கொடுத்தார், எத்தனை மணி எடுத்தார் என்பது மொய் நோட்டு போல எழுதப்பட்டது. முதல் வாரம் ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாத்திரம் துலக்கி, துணி அலசிவிட்டுத் திரும்பினார். அதெல்லாம் கணக்கில் சேராது என்று மற்றவர்கள் சண்டை பிடித்தார்கள். இன்னொருவர் ஐந்து மாதமாகக் குடைந்துகொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஒருவர் அங்கன்வாடியின் பின்சுவர் நிழலிலேயே முந்தானையை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டார். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

சில விதிகளில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். வலிப்பு வரும் பிள்ளையின் மாத்திரையும், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடும் பிள்ளைக்காகக் கதவில் மேல் தாழ்ப்பாள் வேண்டும். குழுவில் இல்லாத ஆளிடம், அவர் எத்தனை நெருங்கிய சொந்தமானாலும், பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. பேச்சு வராத பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எல்லா இடத்திலும் இது நடந்துவிடவில்லை. அடுத்து முயன்ற கிராமத்தில் மூன்றாம் வாரமே நின்றுபோனது. யார் வீட்டுத் திண்ணையில் யார் பிள்ளை உட்காரலாம் என்ற பழைய கணக்கு, நோட்டுக் கணக்கை விழுங்கிவிட்டது. பொது இடம் கிடைக்கும் முன்பே தொடங்கியது என் தவறு. மாங்கூழ் ஆலைகளில் வேலை இருக்கும் மாதங்களில் பென்னாகரத்துக் குழுவும் சுருங்கித்தான் போகிறது, கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

குழு அமையாதவர்களும் உதவி கேட்கலாம். ஆனால் கேட்கும் விதத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். "யாராவது இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்ற புலம்பலுக்கு யாரும் எழுந்து வருவதில்லை. ஆளின் பெயர், நாள், மணி, வேலை நான்கும் அந்தக் கோரிக்கையில் இருக்க வேண்டும். "அத்தை, தினமும் நாலு மணிக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது இவனையும் கூட்டிப்போங்கள், வாளியை இவன் தூக்கட்டும்" என்று கேட்ட மருமகள் ஒருவர் இருக்கிறார். முனகிக்கொண்டே தொடங்கிய மாமியார், இப்போது அவன் வராவிட்டால் குரல் கொடுத்துக் கூப்பிடுகிறாராம். பெங்களூரிலிருந்து வரும் கணவரிடமும் இதையேதான் கேட்கச் சொல்கிறேன்: ஞாயிறு காலை ஆறு முதல் பத்து வரை பிள்ளை அவர் பொறுப்பு. கறி எடுத்துக் கொடுத்துவிட்டு நண்பர்களோடு போய்விடுவதைத் தகப்பன் வேலை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. முதல் இரண்டு ஞாயிறு அவர் தடுமாறுவார். தடுமாறட்டும், நடுவில் புகுந்து திருத்தாதீர்கள்.

அரசு தரும் உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு குறைபாட்டைக் கண்டறிந்து சிகிச்சையும் பயிற்சியும் தர, அரசு மருத்துவமனை சார்ந்த மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறைப் பயிற்சியும் கிடைக்கும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) கைக்கு வந்ததும் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். அறிவுசார் குறைபாடுடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அரசு நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. நகரப் பேருந்தே எட்டிப் பார்க்காத அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் அந்த ஊழியரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் தூக்கத்தையும் தலைவலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனு கொடுக்க ஆட்சியர் அலுவலகம் போகும் திங்கட்கிழமை இன்னொருவரையும் அழைத்துப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் பிள்ளையோடு வெளியே நடக்கலாம்.

கை ஓங்கும் நொடிக்கு வருகிறேன். அடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. எதற்கு அடி விழுந்தது என்றே பல பிள்ளைகளுக்குப் புரியாது, வலியும் பயமும் மட்டும் மிஞ்சும். உடம்பு சூடேறுவது தெரிந்ததும் பிள்ளையை ஆபத்தில்லாத இடத்தில் உட்காரவைத்து, அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வாருங்கள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தாலும் அந்த இரண்டு நிமிடம் அதற்கும் பாதுகாப்புதான்.

இன்னொன்றை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "நானும் இவனும் போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற வார்த்தையை இந்த அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் கெட்ட தாய்கள் அல்ல, தூங்காதவர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணிடம் அப்படி ஒரு பேச்சு வந்தால் அதட்டி அடக்காதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அம்மாவுக்கு மனச்சோர்வு நோயே வந்திருந்தால் இரண்டு மணி நேர ஓய்வு போதாது, சிகிச்சை வேண்டும்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் இருக்கின்றன. பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று கற்றுத்தரும் அதே பயிற்சியில் பராமரிப்பவரின் நலனும் ஒரு பாடம். பாலக்கோட்டுத் தாய்க்கு அன்று நான் எந்தப் பயிற்சியும் எழுதிக் கொடுக்கவில்லை. "அடுத்த முறை வரும்போது இன்னொருவரோடு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். "யார் வருவார்கள் மேடம்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாதம் ஒன்று கழித்து வந்தபோது கூடவே நாத்தனார். தக்காளி பறிக்கும் வேலைக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பையன் நாத்தனாரின் இடுப்பில் செருகியிருந்த போனை இழுத்துக்கொண்டிருந்தான். அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இவன் கத்தும்போது அண்ணி கொடுக்க மாட்டேன் என்கிறார், நான்தான் பாவம் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்."

உதவியாளரைக் கூப்பிட்டு இன்னொரு நாற்காலி போடச் சொன்னேன்.