மூன்று மாத விருந்தாளிக்குச் சாவி கொடுக்கும் முன்பு

கிரீம்ஸ் ரோட்டை ஒட்டிய சந்துகளில் நடந்தால் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தில் போர்டு தொங்கும். மருந்துக்கடை, மெஸ், பணம் மாற்றும் கடை, லாட்ஜ் என்று எல்லாவற்றிலும். 1983-இல் அப்போலோ மருத்துவமனை அங்கே வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த உலகம் அது. அந்தப் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மாதக் கணக்கில் வீடு பார்த்துக் கொடுப்பது என் தொழில். கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் போட்ட வீடு. பெட்டியோடு வந்து இறங்கினால் போதும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் சிகிச்சைக்காக வருகிறவர்கள். மீதிப் பேர் பலவிதம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று வரும் கொரியர்கள், ஜப்பானியர்கள். மார்கழிக் கச்சேரிக்கென்று மயிலாப்பூரில் ஒன்றரை மாதம் தங்கும் அமெரிக்கத் தமிழர்கள். கல்யாணத்துக்குப் புடவை, நகை எடுக்க டொரன்டோவிலிருந்து வந்து வளசரவாக்கத்தில் இறங்கும் ஈழத்துக் குடும்பங்கள். தொழிற்சாலைக்கு வருகிறவர்களைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். மற்றவர்கள்தான் புரோக்கர் கையில் சிக்குகிறார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக அல்ல, அவர்களுக்கு வீடு விடுகிற நம் ஆட்களுக்காக. காலியாகக் கிடக்கும் ஃபிளாட்டில் ஒரு சோபாவும் ஏசியும் போட்டால் இரண்டு மடங்கு வாடகை வரும் என்று நினைக்கிறவர்கள் இப்போது நிறைய. சோபா எந்தக் கடையில் வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். பதிவு, ஒப்பந்தம் என்று போட வேண்டிய தாள் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. வங்கதேசத்திலிருந்து ஒரு குடும்பம், அப்பாவுக்குச் சிறுநீரகச் சிகிச்சை. நோயாளியோடு கூட இருப்பவர்களுக்குத் தனி விசா உண்டு, இரண்டு பேர் வரை. மகனும் மருமகளும் அப்படி வந்திருந்தார்கள். புரோக்கர் மூலம் ஆயிரம் விளக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஃபிளாட். நல்ல வீடு, நல்ல அம்மா. மீன் சமைக்கக்கூடத் தடை சொல்லவில்லை. இரண்டு மாதம் போனது. சிகிச்சை நீண்டது, விசாவை நீட்டிக்க வேண்டும். ஆஸ்பத்திரி கடிதம் கொடுத்துவிட்டது. இணையத்தில் விண்ணப்பம் போட உட்கார்ந்தால் தங்கும் இடத்துக்கான ஃபார்ம் சி கேட்கிறது. அந்தப் பையன் என்னிடம் வந்து, "தாதா (அண்ணா), அது என்ன தாள்?" என்று கேட்டான். நான் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என் வீட்ல யாரு தங்குனா போலீசுக்கு என்ன தம்பி? நான் என்ன ஓட்டலா நடத்துறேன்?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஓட்டல் நடத்தாவிட்டாலும் பொருந்தும் அம்மா. வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுக்கும் எவரும், அது ஓட்டலோ, கெஸ்ட் ஹவுஸோ, சத்திரமோ, கல்லூரி விடுதியோ, ஆஸ்பத்திரியோ, தனி வீடோ, ஆள் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதைத்தான் எங்கள் தொழிலில் ஃபார்ம் சி என்கிறோம். முன்பு 1946-ஆம் வருட வெளிநாட்டவர் சட்டமும் அதையொட்டிய விதிகளும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தன. 2025 செப்டம்பர் 1 முதல் அந்தப் பழைய சட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் மாறியது, வீட்டுக்காரர் பொறுப்பு மாறவில்லை.

வேலை என்னவோ சின்ன வேலைதான். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் வீட்டுக்காரர் பெயரில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா விவரம், போட்டோ, வந்த தேதி, எங்கிருந்து வந்தார், எவ்வளவு நாள் இருப்பார் என்பதை நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் முதல் முறை கணக்குத் திறந்ததும் அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வர வேண்டும். ஆள் வாசலில் வந்து நிற்கும்போது தொடங்கினால் 24 மணி நேரம் கரைந்துவிடும். வாடகைக்கு விடலாம் என்று முடிவெடுத்த அன்றே கணக்கைத் திறந்துவிடுங்கள். சந்தேகம் என்றால் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டில் சாஸ்திரி பவனில் அலுவலகம் இருக்கிறது.

"ஆஸ்பத்திரியே போட்டுட்டாங்க, நான் எதுக்குப் போடணும்" என்பது இன்னொரு வாதம். ஆஸ்பத்திரி போடுவது அவர்கள் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு. உங்கள் வீட்டில் தூங்குகிற மகனுக்கும் மருமகளுக்கும் நீங்கள்தான் போட வேண்டும். நம்மூர்ப் பிள்ளைதானே, பேச்சும் தமிழ்தானே என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. கையில் கனடா பாஸ்போர்ட் இருந்தால் அவர் வெளிநாட்டவர், பேசுவது யாழ்ப்பாணத் தமிழாக இருந்தாலும்.

அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனது என்றால், அந்த அம்மா பயந்துபோய், "நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன், நாளைக்கே காலி பண்ணச் சொல்லு" என்றுவிட்டார். டயாலிசிஸுக்குப் போய்வரும் மனிதரைக் கூட்டிக்கொண்டு மூட்டை முடிச்சோடு ஒரு லாட்ஜுக்கு மாறினார்கள். லாட்ஜ்காரர் அன்றைக்கே பதிவு போட்டார். விட்டுப்போன இரண்டு மாதத்துக்கு விளக்கம் எழுதி, அலைந்து, ஒருவழியாக நீட்டிப்பு வந்தது. அந்த அம்மாவும் கெட்டவர் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர் புரோக்கர். அவர் ஒரு மாதக் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சரி, வீட்டு வகைக்கு வருவோம். சமையலறை வைத்த லாட்ஜ் மலிவு, பதிவும் தானாக நடந்துவிடும், ஆனால் மூன்று மாதம் என்றால் மூச்சு முட்டும். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை எதிரே காந்தி ரோடு முழுக்க இந்த வகைதான். சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் துணி, துடைப்பம், வைஃபை எல்லாம் அவர்கள் பொறுப்பு, பில்லும் ஒழுங்காக வரும். சொந்த வீட்டின் ஒரு பகுதியை விடுகிறவர்களுக்கு மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும், ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம். நம்மில் பலர் விடுவது இந்த மூன்றிலும் சேராத தனி ஃபிளாட். அதில்தான் வம்பு.

அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மூன்று மாதத்துக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் என்ற நம் பழக்கமே, ஒரு வருடத்துக்கு மேல் போனால் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக வந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட சிகிச்சை விசாவிலோ வேலை விசாவிலோ வருகிறவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தானும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு முகவரிச் சான்றாக முதலில் கேட்பது இந்த ஒப்பந்தத்தையும் ஃபார்ம் சி-யையும்தான்.

கரண்ட் பில்லில்தான் மனஸ்தாபம் அதிகம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் படி ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் என்பதெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோயாளி இருக்கும் வீட்டில் ஏசி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும். ஒரு மாதம் தங்கிப் போனவருக்கும் அடுத்த மாதம் வந்தவருக்கும் ஒரே பில். யார் பங்கு எவ்வளவு? சாவி கொடுக்கும் அன்று மீட்டரைப் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவேன்.

அசோசியேஷனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். செக்யூரிட்டி கேட்டில் நிறுத்தி, வீல்சேரில் இருப்பவரை ராத்திரி பதினோரு மணிக்குக் கேள்வி கேட்டதைப் பார்த்திருக்கிறேன். சைவம் மட்டும் என்றால் அதை விளம்பரத்திலேயே போடுங்கள், வங்காளிக் குடும்பம் வந்து மீன் வாங்கி வந்த பிறகு சொல்லாதீர்கள். அப்புறம், கட்டில் எவ்வளவு அழகு என்பதைவிட பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா, லிஃப்டில் வீல்சேர் நுழையுமா என்பதுதான் வருகிறவர் முதலில் பார்ப்பது. என் அனுபவத்தில் இருநூறு ரூபாய் கைப்பிடி இருபதாயிரம் ரூபாய் சோபாவைவிட அதிகம் வாடகை கொண்டுவந்திருக்கிறது.

கடைசியாக அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிவிட்டோம். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அதே 2019 சட்டம். மூன்று மாதம் தங்க வருகிறவரிடம் மூன்று மாத அட்வான்ஸே அதிகம். நான் ஒரு மாதத்துக்கு மேல் வாங்க விடுவதில்லை. காரணம், கிளம்பும் நாள். விமானம் அதிகாலையில் இருக்கும், டாக்சி கீழே நிற்கும், வீட்டுக்காரர் பூட்டைச் சரிபார்த்துவிட்டு, "பெயிண்ட் செலவு கழிச்சிட்டு அக்கவுண்டுல போட்டுவிடுறேன்" என்பார். எந்த அக்கவுண்ட்? அவர்களுக்கு இந்தியாவில் வங்கிக் கணக்கே கிடையாது. அதனால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பகலில் உட்கார்ந்து, மீட்டர் பார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதியை எண்ணிக் கையில் கொடுக்கச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நாளும் அவர்கள் வீட்டில் அட்வான்ஸ் இல்லாமல்தான் இருப்பார்கள். இதுவரை ஒரு ஸ்பூன்கூடக் காணாமல் போனதில்லை.