மக் ஞா: ஒரு மலாய்ச் சொல்லும் அதற்கான தமிழும்

மலாயில் ‘மக்’ என்றால் அம்மா. ‘எமாக்’ என்பதன் குறுக்கம். பெற்றவளை அழைப்பதோடு இந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடாது. ‘மக் சிக்’ என்றால் சின்ன அம்மா. நம் சின்னம்மாவைப் போலவே உறவுக்காரிக்கும் ஆகும், தெருவில் எதிர்ப்படும் வயதான பெண்மணிக்கும் ஆகும். ‘மக் பிடான்’ பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. ‘மக் அண்டாம்’ கல்யாண வீட்டு ஒப்பனைக்காரர். மணப்பெண்ணின் நெற்றியோர முடியைச் சீர்செய்வது, முகத்துக்கு மாவு பூசுவது, சேலைக்கு நாம் குத்தும் ஊசிபோல முக்காட்டுக்கு ஊசி குத்துவது என எல்லாம் அவர் கைவேலை. மாப்பிள்ளையும் பெண்ணும் ‘பெர்சண்டிங்’ மேடையில் உட்காரும்வரை அவர் பெண்ணை விட்டு நகர மாட்டார். வீட்டுக்குள் உரிமையோடு வந்துபோகும், கைத்திறன் உள்ள பெண்ணுக்கு மலாய்க்காரர்கள் வைக்கும் அடைமொழிதான் ‘மக்’. ‘மக் ஞா’வும் இந்த வரிசையில் உட்காரும் சொல்தான்.

பிறந்தபோது ஆண் என்று பதிவாகி, பெண்ணாக உணர்ந்து பெண்ணாக வாழ்பவர் மக் ஞா. ரோமன் எழுத்தில் எழுதப்பட்டதைப் பார்த்து ‘மாக் நியா’ என்று தமிழில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. மலாயின் அந்த ஒலிக்கு நம்மிடம் ‘ஞ’ இருக்கிறது.

சொல் பழையது போல ஒலித்தாலும் வயது குறைவு. 1987ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் இவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்க முயன்றபோது தாங்களே வைத்துக்கொண்ட பெயர் இது. அதுவரை ஊர் வைத்திருந்தது ‘போண்டான்’. நளினமாக நடக்கும் பையன், ஆண்களை விரும்பும் ஆண், பெண்ணாகவே வாழ்பவர், மேடையில் பெண் வேடம் கட்டுபவர் என எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி எறியும் வசைச்சொல் அது. பள்ளிக்கூட மைதானத்தில் இன்றும் எறிகிறார்கள். ‘பாப்போக்’ இன்னும் மோசம். இந்த மூட்டையிலிருந்து தங்களைப் பிரித்துச் சொல்லத்தான் புதுப்பெயர் தேவைப்பட்டது என்று விளக்கியவர் கார்த்தினி சுலாமா. அந்தத் தலைமுறையின் முன்னணிச் செயற்பாட்டாளர். தானும் ஒரு மக் ஞா. சங்கம் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது.

‘மக்’ புரிகிறது, ‘ஞா’ எங்கிருந்து வந்தது? மலாய் அகராதியில் ‘ஞா’ என்றால் ‘அகன்று போ’, ‘விலகு’. கணினிக் கலைச்சொற்களில் இதுவே நீக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டாகியிருக்கிறது: ‘ஞாபாசாங்’ என்றால் நிறுவிய மென்பொருளை நீக்குவது, ‘ஞாக்கோட்’ என்றால் குறியீட்டை அவிழ்ப்பது. இதை வைத்துக்கொண்டு ‘ஆண்மையை விட்டு விலகிய அம்மா’ என்று அழகாக ஒரு பொருள் செய்துவிடலாம்தான். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகச் சொற்பிறப்பு எழுதும் நோய் தமிழில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. மலாய்க்கும் அதை ஏற்றுமதி செய்ய வேண்டாம். பெயர் வைத்தவர்கள் அழுத்திச் சொன்னது ‘மக்’ என்ற பாதியைத்தான்.

இந்தப் பெயர் வருவதற்கு முன் மலாய் உலகில் இப்படிப்பட்டவர்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய அரண்மனைகளில் ‘சிடா-சிடா’ என்று ஒரு வகுப்பினர் இருந்தார்கள். அந்தப்புரம்வரை போய்வரும் உரிமையும், அரச சின்னங்களைக் காக்கும் பொறுப்பும், சடங்குகளில் இடமும் அவர்களுக்கு இருந்தன. அவர்களைக் காயடிக்கப்பட்ட ஏவலர் என்று மட்டும் எழுதுவோரும் உண்டு. ஆண்-பெண் கோட்டுக்கு நடுவே நின்றவர்கள் என்று விளக்கும் மானிடவியலாளர்களும் உண்டு. இஸ்லாமியச் சட்ட நூல்கள் வழியாக வந்த அரபுச் சொற்கள் வேறு. ‘குன்சா’ என்றால் உடலிலேயே இருபால் கூறும் உள்ளவர், ‘முகன்னஸ்’ என்றால் பெண்சாயல் கொண்ட ஆண். இந்தப் பிரிவினை வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1980களின் முற்பகுதியில் வந்த ஃபத்வா, குன்சாவுக்கு மட்டும் அனுமதி, மற்ற முஸ்லிம்களுக்கு இல்லை என்று கதவைச் சாத்தியது. எந்தச் சொல்லுக்குள் ஒருவர் அடங்குகிறார் என்பதை வைத்து அவர் உடலின் தலைவிதி முடிவானது. சில ஆண்டுகளிலேயே மக் ஞாக்கள் தங்களுக்குத் தாங்களே பெயர் வைக்கக் கிளம்பியதை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

தெருப் பேச்சிலிருந்த இந்தச் சொல்லை ஆங்கில நாளிதழ் வாசிக்கும் நடுத்தர வர்க்கத்திடம் கொண்டுசேர்த்தவர்களில் மரினா மகாதீர் முக்கியமானவர். அன்றைய பிரதமர் மகாதீரின் மகள். 1993 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் தலைவராக இருந்தார். எய்ட்ஸ் பற்றிப் பேச வந்தால் கோலாலம்பூரின் சௌகிட் சந்துகளில் பாலியல் தொழில் செய்துகொண்டிருந்த மக் ஞாக்களைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. அவர்கள் மத்தியில் வேலை செய்த பி.டி. அறக்கட்டளை 1987இல் தொடங்கிய அமைப்பு. கார்த்தினி சுலாமா அதன் வழியாகவும் பணியாற்றியவர். ஒரு மலாய் முஸ்லிம் பெண், அதுவும் பிரதமர் வீட்டுப் பெண், மூக்கைச் சுளிக்காமல் இவர்களைப் பற்றி எழுதியதும் பேசியதும் அன்று சின்ன விஷயம் இல்லை.

இந்தத் தரப்பில் இன்று உலகம் அறிந்த முகம் நிஷா ஆயூப். மலாக்காவில் 1979இல் பிறந்தவர். 2000ஆம் ஆண்டில், பெண்ணுடை அணிந்ததற்காக ஷரியா சட்டத்தின்கீழ் பிடிபட்டு, மூன்று மாதம் ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே பட்ட பாலியல் கொடுமைகளை அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பிறகு ‘ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ்’, ‘சீட்’ ஆகிய அமைப்புகளை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 2016இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் துணிச்சல் மிக்க பெண்களுக்குத் தரும் அனைத்துலக விருதைப் பெற்றார். வெளிப்படையாக வாழும் திருநங்கை ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதன்முறை. விருதின் பெயரிலேயே ‘பெண்’ இருக்கிறது என்பதைச் சொல் விளக்கம் எழுதுகிறவன் கவனிக்காமல் இருக்க முடியாது.

2018 ஆகஸ்டில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் விழாவில் ஒரு நிழற்படக் கண்காட்சி. தேசியக் கொடியோடு நிற்கும் மலேசியர்களின் படங்கள். அதிலிருந்து நிஷாவின் படமும், பாங் கீ தெய்க் என்ற செயற்பாட்டாளரின் படமும் அகற்றப்பட்டன. அகற்றச் சொன்னவர் சமய விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா. அதே கண்காட்சியில் தன் படமும் இருந்த மரினா, ‘அப்படியானால் என் படத்தையும் எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டார். அப்போது அவர் அப்பாதான் மறுபடியும் பிரதமர். அடுத்த மாதமே அந்த அப்பா, எல்ஜிபிடி உரிமைகளை மலேசியா ஏற்க முடியாது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு அகராதி. இதற்குச் சற்று முன்பு, ஜூலையில், இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சரின் ஊடகப் பணியில் சேர்ந்திருந்த நுமான் அஃபிஃபி, எல்ஜிபிடி செயற்பாட்டாளர் என்பதற்காகக் கிளம்பிய கூச்சலில் பதவி விலக நேர்ந்திருந்தது. ஆட்சி மாறினால் காற்றும் மாறும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது கசப்பான காலம்தான்.

நீதிமன்றக் கதை தனி. நெகிரி செம்பிலான் மாநில ஷரியா குற்றவியல் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பொது இடத்தில் பெண்ணுடை அணியும் முஸ்லிம் ஆணுக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்த மூவரும் கல்யாண ஒப்பனைக் கலைஞர்கள். பகலில் ‘மக் அண்டாம்’ என்று கல்யாண வீட்டு அறைக்குள் அழைத்துக்கொள்கிறார்கள். வாசல் தாண்டித் தெருவுக்கு வந்தால் அதே ஆள் ‘பெண்போல் பாவனை செய்யும் ஆண்’. 2014 நவம்பர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிஷாமுதீன் யூனுஸ். அந்தச் சட்டம் இந்த மனுதாரர்களை இழிவுபடுத்துகிறது, ஒடுக்குகிறது, மனிதத்தன்மையற்றது என்று அவர் எழுதினார். மலாய்ச் சமூகத்தில் மூத்த நீதிபதி ஒருவரின் கையெழுத்தோடு இப்படி ஒரு வாசகம் வந்தது அதுவரை கேள்விப்படாதது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்த வழிமுறை தவறு, நேரே எங்களிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பதே காரணம். சட்டம் சரியா தவறா என்ற கேள்விக்குள் அவர்கள் போகவே இல்லை.

எதிர்த்தரப்பின் சொல்லையும் பார்த்துவிடலாம். மலேசியச் சமயத் துறைகளும் மேடைப் பேச்சாளர்களும் எல்ஜிபிடி என்பதோடு இணைத்துப் பயன்படுத்தும் மலாய்ச் சொல் ‘சொங்சாங்’. தலைகீழ், எதிர்த்திசை என்று பொருள். கருப்பையில் தலை மேலாகவும் கால் கீழாகவும் இருக்கும் குழந்தையை மலாயில் ‘பாயி சொங்சாங்’ என்பார்கள். ஆற்றில் எதிர்நீச்சல் போடுவதற்கும் இதே வேர்ச்சொல்தான். அதாவது சொல்லில் இயல்பாகக் குற்றம் எதுவும் இல்லை, ஏற்றியது மனிதர்கள். இதைத் தமிழ்ச் செய்திகளில் ‘நெறிபிறழ்ந்தோர்’, ‘இயற்கைக்கு மாறானவர்கள்’ என்று மேற்கோள் குறிகூட இல்லாமல் பெயர்த்துப் போடும்போது, இன்னொருவர் தீர்ப்பை நாம் நம் வாயால் சொல்லிவிடுகிறோம். ஒரு அமைச்சர் அப்படிப் பேசினால் அவர் பேசியதாக எழுதலாம். செய்தியாளர் சொந்தக் குரலில் எழுதக் கூடாது.

சரி, மக் ஞாவுக்குத் தமிழ் என்ன? பட்டென்று வரும் பதில் ‘திருநங்கை’. அதுவே சரியான பதிலும்கூட. அங்கே வந்து சேர நாமும் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறோம். ‘பெண்ணாகி ஆணாய் அலியாய்’ என்று மாணிக்கவாசகர் இறைவனைப் பாடியபோது ‘அலி’யில் இழிவு இல்லை. இன்று அது எழுதத் தகாத சொல். ‘பேடி’ என்பதும் அப்படியே. சிலப்பதிகார ஆடல்களில் ‘பேடியாடல்’ காமன் ஆடியது. ஆனால் வள்ளுவரிடமே ‘பகையகத்துப் பேடிகை ஒள்வாள்’ என்று கோழைத்தனத்தின் அடையாளமாகவும் வருகிறது. போண்டானும் நம் ஒன்பதும் ஒரே சாதி வசைகள்.

1990களில் பரவிய ‘அரவாணி’ மரியாதையான சொல்தான், ஆனால் மலாய்ச் சூழலுக்கு அடியோடு பொருந்தாது. அரவான் களப்பலியும் கூத்தாண்டவர் கோயிலும் தாலியறுப்பும் சேர்ந்த கதையின் பெயர் அது. ஐந்து வேளை தொழும் மலாய் முஸ்லிம் ஒருவரை அந்தப் பெயரால் அழைப்பது அவரை வேறொரு மதத்தின் கதைக்குள் தூக்கிப் போடுவது. மலேசியச் செய்தி என்றால் இந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பதே நல்லது. ‘மூன்றாம் பாலினத்தவர்’ என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். மக் ஞாக்களில் ஆணுமல்ல பெண்ணுமல்ல என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. நான் பெண், அவ்வளவுதான் என்பவர்களும் உண்டு. அவர்கள் சார்பில் நாம் எண் போடத் தேவையில்லை.

‘திருநங்கை’ தமிழ்நாட்டில் 2008இல் நலவாரியம் அமைந்த காலத்தில் அரசுச் சொல்லாக வேரூன்றியது. ஏப்ரல் 15 திருநங்கையர் நாளாகவும் கொண்டாடப்படுகிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன்பேரில் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலுக்குப் பிறகு, இதழ்களுக்கு இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திருநங்கை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வாரியம், அடையாள அட்டை, அரசாணை எல்லாம் நிற்கின்றன. மக் ஞாவுக்குப் பின்னால் அரசு இல்லை; அரசு எதிரே நிற்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. ‘திரு’ மதிப்பைத் தருகிறது, உறவைத் தருவதில்லை. ‘மக்’கில் இருக்கும் அம்மா தமிழில் உதிர்ந்துவிடுகிறாள். ஆனால் தமிழகத் திருநங்கையர் ‘ஜமாத்’ என்று சொல்லும் தங்கள் கூட்டத்தில் அவள் இருக்கத்தான் செய்கிறாள்: புதிதாக வரும் பெண்ணைத் தத்தெடுப்பவர் அம்மா, அம்மாவின் அம்மா நானி. ‘ஜமாத்’ என்ற சொல்லே மலாய்ப் பள்ளிவாசல்களில் ‘ஜெமாஆ’ என்று தொழுகைக் கூட்டத்தைக் குறிக்கும் அதே அரபுச் சொல்தான்.

எழுதும்போது நான் கடைப்பிடிப்பது இது: முதல்முறை ‘மக் ஞா எனப்படும் மலாய்த் திருநங்கையர்’, அப்புறம் ‘திருநங்கை’ மட்டும். கார்த்தினி, நிஷா போன்றவர்களின் சொந்தக் கூற்று என்றால் ‘மக் ஞா’வை அப்படியே விட்டுவிடுவேன். மலேசியத் தமிழ்த் திருநங்கையருக்கு ‘மக் ஞா’ வேண்டியதில்லை. அவர்களுக்குச் சொந்தச் சொல் இருக்கிறது. அவர்களில் முஸ்லிம் அல்லாதவர்கள் ஷரியா சட்டத்துக்கு உட்பட்டவர்கள் அல்ல, ஆனால் 1955ஆம் ஆண்டின் சிறுகுற்றச் சட்டத்தில் ‘அநாகரிக நடத்தை’ என்ற பிரிவை வைத்துப் போலீஸ் அவர்களையும் பிடித்திருக்கிறது. எனவே கைதுச் செய்தியை மொழிபெயர்ப்பவர் பிடித்தது சமயத் துறையா போலீஸா, சட்டம் எது என்று பார்த்தே எழுத வேண்டும். ‘பெண் வேடமிட்ட ஆண்கள்’ என்பது அந்த 66ஆம் பிரிவின் மொழி. சட்டத்தின் வாசகத்தைச் சொல்லும் இடத்தில் மேற்கோளுக்குள் வரட்டும், தலைப்பில் வேண்டாம்.