ட்ரிப்பில் மருந்து ஏறும்போது உடம்பு அரித்தால்

கடும் ஒவ்வாமையில் உயிரைக் காப்பாற்றும் முதல் மருந்து அட்ரினலின். அதைத் தொடையில், தாமதிக்காமல் போட வேண்டும். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் அம்மாவையோ தாத்தாவையோ வார்டில் சேர்த்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. முதல் அறிகுறி பல நேரம் அவர்கள் கண்ணில்தான் படுகிறது.

மருந்தால் வரும் ஒவ்வாமைக்கு வேகம் அதிகம். ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பற்றி இங்கிலாந்தில் 2000இல் வெளியான ஆய்வு ஒன்றில், இதயமோ மூச்சோ நிற்க உணவு என்றால் சுமார் 30 நிமிடம், குளவி, தேனீ கொட்டினால் 15 நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி மருந்துக்கு 5 நிமிடம்தான். பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது போடும் தசை தளர்த்தி, சிடி ஸ்கேன் சாய மருந்து ஆகியவை வழக்கமான காரணங்கள். தோலைத் துடைக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினாலும் வரும்; அதைச் சந்தேகிக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

தோல் சிவக்கும் என்று புத்தகத்தில் இருக்கும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், தலை அரிக்கிறதா, கண் இமையும் உதடும் தடிக்கின்றனவா, குரல் கம்முகிறதா என்று பாருங்கள். பத்தில் ஒருவர் இருவருக்குத் தோலில் ஒன்றுமே இருக்காது. பிரஷர் மட்டும் விழும், அல்லது மூச்சு இழுக்கும்.

வயிறு பிசைந்து, "பாத்ரூம் போகணும்" என்பார்கள். இங்கேதான் ஆபத்து. ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்ப ரத்தமே இருக்காது. நாலடி நடப்பதற்குள் நாடி நின்றுவிடலாம். கைத்தாங்கலாகக் கூட்டிப் போகாதீர்கள். மைலோ கலக்கிக் கொடுப்பதும் கோடாலித் தைலம் தேய்ப்பதும் வேண்டாம். மிஸ்ஸியை (நர்ஸை) கூப்பிடுங்கள், படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் கட்டிலிலேயே சாய்ந்து உட்காரட்டும். கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும்.

இனி ஊழியர்களுக்கு. ட்ரிப்பை மூடினால் மட்டும் போதாது. குழாய்க்குள் இன்னும் மருந்து மிச்சம் இருக்கும். குழாயோடு கழற்றிவிட்டுப் புதுக் குழாயில் சலைன் ஏற்றுங்கள், ஊசியை மட்டும் கையில் அப்படியே விடுங்கள். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின் ஆம்பியூலில் பெரியவருக்கு அரை மில்லி, தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறத் தசைக்குள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 15 கிலோ என்றால் 0.15 மில்லி. தேறவில்லையென்றால் 5 நிமிடத்தில் மறுபடியும். குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தொடைத் தசையில் போட்டது ரத்தத்தில் உச்சத்தை எட்ட 8 நிமிடம் ஆனது, தோலுக்கடியில் போட்டதற்கு 34 நிமிடம். இதே ஆம்பியூலைப் பதற்றத்தில் ரத்தக் குழாயில் ஏற்றிவிட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

எங்கள் கணிப்பில், அதிக நேரத்தைத் தின்பது அலர்ஜிக்குப் போடும் பிரிட்டோன் ஊசிதான். "முதலில் இதைப் போட்டுப் பார்ப்போம்" என்று காத்திருப்பார்கள். அது அரிப்பை அடக்கும். விழுந்த பிரஷரைத் தூக்காது, தொண்டை வீக்கத்தையும் குறைக்காது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடும் பிரஷர் நோயாளிக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்போது குளுக்ககான் என்ற ஊசி மருந்து தேவைப்படும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் ஆம்புலன்சில் படுத்தபடியே போகட்டும், அடுத்த டோஸ் கையில் இருக்கட்டும். அடங்கியது சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்பதால், அன்றே வீட்டுக்குப் போக அவசரப்படக் கூடாது. வந்தது ஒவ்வாமைதானா என்று காட்டும் டிரிப்டேஸ் ரத்தப் பரிசோதனைக்கு 4 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் பலன்.

சேர்க்கும்போது அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் இறாலையும் நண்டையும் நினைத்து இல்லை என்றுவிடுவார்கள். "எந்த மருந்துக்காவது கண் வீங்கியதா, மூச்சு முட்டியதா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "ஒரு வெள்ளை ஊசி" என்ற பதிலை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மருந்தின் பெயர், தேதி, என்ன ஆனது என்பதை டாக்டரிடமோ பார்மசியிலோ எழுதி வாங்கி, ஐசியோடு (அடையாள அட்டையோடு) வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டோடு மருந்தின் மூலப் பெயரும் அதில் இருக்க வேண்டும். பொன்ஸ்டான் வலி மாத்திரையில் கண் வீங்கியவருக்கு, இன்னொரு வலி மாத்திரையான வோல்டரனிலும் வீங்கலாம். கடையில் கேட்டால் அது வேறு மருந்து என்றுதான் கொடுப்பார்கள்.