புதைபடிவ எரிபொருளா, நிலத்தடி எரிபொருளா?

மின்சாரக் கார் விளம்பரத்தாள் ஒன்றில் 'புதைபடிவ எரிபொருளுக்கு விடைகொடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். செய்தி வாசிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'படிம எரிபொருள்' என்கிறார்கள். 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாடு முடிந்த வாரத்தில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்ல வந்தது என்னவோ நிலக்கரி, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, அவ்வளவுதான்.

இரண்டுமே 'ஃபாசில் ஃபியூயல்' என்ற ஆங்கிலத் தொடரின் தமிழாக்கம். ஃபாசில் என்பதன் வேர் லத்தீன். 'தோண்டு' என்ற வினையிலிருந்து 'தோண்டி எடுத்தது' என்று வந்த சொல். 1546இல் அக்ரிகோலா என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து எழுதிய லத்தீன் நூல் முழுக்கக் கனிமங்களும் ரத்தினங்களும் உலோகங்களும்தான். தொல்லுயிர்களின் எச்சம் என்ற பொருள் பிற்பாடு நிலைத்தது. வெட்டிய விறகுக்கு எதிராக மண்ணுக்குள்ளிருந்து எடுத்த எரிபொருள் என்பதே அந்தத் தொடரின் முதல் பொருள்.

இப்போது நம் மொழிபெயர்ப்புக்கு வருவோம். படிவம் என்றால் இன்று யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வங்கியிலும் தாலுகா ஆபீசிலும் நிரப்பித் தருகிற தாள். 'படிந்தது என்ற பொருளில் சொல்கிறோம்' என்பார்கள். படிந்தது படிவு, படிவம் வேறு. 'புதைபடிவு' என்றாவது வைத்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும். படிமமோ கவிதைக்காரர்களின் சொத்து. அதை எரித்துக் கார் ஓட்ட முடியாது.

பொருளும் இடிக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போனால் கல்மரங்களைப் பார்க்கலாம். பட்டையின் வரி, கணு எல்லாம் தெரியும், தொட்டால் கல். அதுதான் அசல் புதைபடிவம், அது எரியாது. எரிகிற பெட்ரோலிலோ எந்த உருவமும் பதிந்திருக்காது. கடலடியில் படிந்த பாசியும் நுண்ணுயிர்களும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருக்குலைந்து எண்ணெயானவை.

இலங்கையில் 'உயிர்ச்சுவட்டு எரிபொருள்' என்பார்கள். நம்முடையதைவிட அழகு. ஆனால் நாம் வெளிவிடும் கரியமில வாயுவின் அளவைச் சொல்லும் 'காபன் அடிச்சுவடு'ம் அங்கேயே இருப்பதால், சுவட்டைக் குறைக்கச் சுவட்டை விடு என்று குழம்பும். 'தொல்லுயிர் எச்ச எரிபொருள்' என்பது சரியான சொல்தான். மூச்சு வாங்கும், எச்சம் என்றதும் காக்காயும் நினைவுக்கு வரும்.

சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நிலத்திலிருந்து வந்த கரி நிலக்கரி. மண்ணிலிருந்து வந்த எண்ணெய் மண்ணெண்ணெய். லத்தீன்காரன் நினைத்ததையே லத்தீன் படிக்காமல் நம்மவர்கள் சொல்லிவிட்டார்கள். அதே வழியில் 'நிலத்தடி எரிபொருள்' என்றால் போதும். நிலத்தடி நீர் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லையே. யுரேனியமும் நிலத்தடியில்தானே என்று ஒருவர் மடக்குவார். அது எரிவதில்லை, அதன் அணு பிளவுபடுகிறது. அதற்கு அணு எரிபொருள் என்று தனிப்பெயரும் இருக்கிறது.

எனக்குத் தூய்மைப் பித்து கிடையாது. பெட்ரோலைக் கன்னெய் என்று எழுதச் சொன்னால் எழுதமாட்டேன். கேட்டதும் புரிய வேண்டும், அதுதான் என் கட்சி. வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிவதும் நெய்வேலியில் வெட்டுவதும் காரின் டேங்கில் ஊற்றுவதும் ஒரே குடும்பம் என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டாமா? 'புதைபடிவம்' அந்த உறவை மறைத்துவிடுகிறது.

இதைவிடக் கொடுமை அரசு அறிக்கைகளின் தமிழ். 2030க்குள் 500 கிகாவாட் என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்த இலக்கை 'புதைபடிவமற்ற எரிபொருள் அடிப்படையிலான மின்திறன்' என்று எழுதுகிறார்கள். அதில் பெரும்பங்கு வெயிலும் காற்றும். வெயிலுக்கு ஏதய்யா எரிபொருள்?