புகளூர் லைனுக்குப் பணம் கட்டுவது யார்?

சத்தீஸ்கரின் ராய்கரில் கிளம்பி கரூர் மாவட்டம் புகளூரில் முடிகிறதே 800 கிலோவோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) லைன், 6000 மெகாவாட் தாங்கும். தோட்டத்தில் டவர் நிற்கிறவர்கள் முதலில் கேட்பது, இந்தச் செலவும் நம் ஈபி பில்லில்தான் வருகிறதா என்பதுதான். வருகிறது, ஆனால் நம் தலையில் மட்டும் இல்லை.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் லைன்களின் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. பெரும்பாலும் கரண்ட் எடுக்கிறவர்தான் கட்ட வேண்டும். எடுத்தது எந்த லைன் வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். கீழ்பவானி வாய்க்கால் மாதிரி மடையை அடைத்துத் திருப்பிவிட முடியாது, ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) லைனில் கரண்ட் தன் போக்கில் எல்லா வழியிலும் பிரிந்து ஓடும், ஒப்பந்தத்தில் எந்த ஊர் பெயர் இருந்தாலும் சரி. அதனால் மாதாமாதம், எல்லா மாநிலங்களும் சேர்ந்து மத்திய கிரிட்டில் (மாநிலங்களை இணைக்கும் மின் வலைப்பின்னல்) இருந்து அதிகம் எடுத்த ஒரு 15 நிமிடத்தைப் பிடித்து, அந்த நேரத்தில் எந்த லைனை யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். லைனில் பயன்படாமல் கிடக்கும் திறனுக்கும் காசு உண்டு. அது கிரிட்டில் யார் எவ்வளவு இடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்களோ அந்த விகிதத்தில் பிரியும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

டிசி லைன் கதை வேறு. அதில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதை ஆளே முடிவு செய்யலாம் என்பதால் ஓட்டத்தை வைத்துப் பங்கு பிரிப்பதில் அர்த்தம் இல்லை. பொதுவாக 30 சதவீதம் நாடு முழுக்க, 70 சதவீதம் எந்த மண்டலத்துக்காகப் (தென் மாநிலங்கள் சேர்ந்தது ஒரு மண்டலம்) போட்டார்களோ அந்த மண்டலத்துக்கு. புகளூர் லைன் செலவு முழுவதையும் நாடே பகிர வேண்டும் என்று நம் மின்வாரியம் ஆணையத்திடம் வாதாடியது, அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன்.

வீட்டு பில்லில் இதைத் தனியாகத் தேடாதீர்கள், கட்டண விகிதத்துக்குள்ளேயே கலந்திருக்கும். வெளிமாநிலத்தில் இருந்து ஓபன் ஆக்ஸஸில் (மின்வாரியத்தை விட்டு வேறு விற்பவரிடம் நேரடியாக) வாங்கும் மில்காரர்களுக்குத்தான் தனியாகத் தெரியும். பல்லடம், உடுமலை காற்றாலையில் இருந்து கோயமுத்தூர் மில்லுக்கு எடுப்பது இதில் சேராது, அதற்குக் கட்டணம் வைப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

அப்புறம், டவர் இழப்பீடு. 2015 வழிகாட்டுதலில் டவர் அடி நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், வயர் போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் மத்திய அரசு இதை முறையே 200, 30 சதவீதம் என்று உயர்த்தியது. இந்தப் பணமும் லைன் செலவோடு சேர்ந்து அதே கணக்கில்தான் பிரிகிறது, ஆகவே கூடக் கொடுத்தால் உங்கள் ஊர் பில்தான் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொடுத்த தொகை போதாது என்றால் 1885 தந்திச் சட்டம் 16(3) பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் மனு போடலாம்.