கருஞ்சீரகம்: சீரகத்துக்கு உறவில்லாத சீரகம்

வேலூர் லாங் பஜார் பக்கம் நாட்டு மருந்துக்கடையில் நின்றால், ஒரே சரக்குக்கு மூன்று பெயர் காதில் விழும். தமிழில் கருஞ்சீரகம். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வரும் உருதுக்காரர்களுக்குக் கலோஞ்சி. சித்தூர் பக்கத்துக்காரர்களுக்கு நல்ல ஜீலகர்ர. தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. தரத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

கருமையும் சீரகமும் சேர்ந்தது கருஞ்சீரகம். 'மை' போய், சகரத்துக்கு இனமான ஞகர மெய் நடுவில் வந்திருக்கிறது, கருங்கல்லில் ங் வந்ததுபோல. சீரகத்தைச் சீர் + அகம் என்று பிரித்து, வயிற்றைச் சீராக்குவது என்று விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வடமொழியில் ஜீரகம் என்ற சொல் இருக்கிறது. செரித்தலைக் குறிக்கும் வேரோடு அதைச் சேர்ப்பார்கள். எப்படிப் போனாலும் வயிற்றில்தான் போய் முடிகிறது!

செடி விஷயம்தான் வேடிக்கை. சீரகம் கொத்தமல்லி, சோம்பு குடும்பம். கருஞ்சீரகமோ ரனன்குலேசி குடும்பம். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது ரனன்குலஸ் என்ற மஞ்சள் பூச்செடி. லத்தீனில் 'குட்டித் தவளை' என்று பொருள். அந்த இனத்தில் பல செடிகள் ஈரமான இடத்தில் வளர்வதால் வந்த பெயர் என்பார்கள். கருஞ்சீரகத்தின் பூ மஞ்சள் இல்லை, வெளிர்நீலம் அல்லது வெள்ளை. ஒரே பருவத்தில் பூத்துக் காய்த்து முடிந்துவிடும். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் நைஜெல்லா சட்டைவா. நைஜெல்லா என்பதிலும் கறுப்புதான் இருக்கிறது; சட்டைவா என்றால் பயிரிடப்படுவது.

சில பாக்கெட்டுகளில் 'கருப்பு சீரகம்' என்று அச்சடிக்கிறார்கள். 'பிளாக் குமின்' என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்துத் தமிழாக்கியதுபோல் இருக்கிறது. நம்மிடம் சொல் இருக்கும்போது இது எதற்கு? குழப்பம் வேறு: பிரியாணிக்குப் போடும் ஷாஜீராவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயரைச் சொல்கிறார்கள். அதுவாவது சீரகத்துக்குச் சொந்தம். காட்டுச்சீரகம் இன்னொரு சரக்கு. அது சூரியகாந்திக் குடும்பம். பெருஞ்சீரகம் என்பது நம் சோம்பு. சீட்டில் வெறும் 'சீரகம்' என்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் எதைக் கட்டுவார் சொல்லுங்கள்?

வெங்காய விதையும் கிட்டத்தட்ட இதே மாதிரி கறுப்பாக, கோணல்மாணலாக இருக்கும். சந்தேகம் வந்தால் நாலு விதையை உள்ளங்கையில் போட்டு அழுத்தித் தேயுங்கள். கருஞ்சீரகம் என்றால் லேசான கசப்போடு ஓமத்தை நினைவூட்டும் காரவாசம் எழும். வெங்காய விதையில் அந்த வாசம் வராது.