பேனுக்கு எதற்கு இவ்வளவு வெட்கம்?

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை ஒருத்தியைக் கண் எரிச்சல் என்று என்னிடம் கூட்டி வந்தார்கள். இரண்டு கண்ணும் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் என்னம்மா பட்டது என்று மூன்று தடவை கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போன பிறகுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். "தலையில பேனுங்க டாக்டர். சீதாப்பழக் கொட்டையை அரைச்சுத் தடவினேன், தலைக்கு ஊத்துறப்ப கண்ணுல இறங்கிடுச்சு."

சீதாப்பழ விதை பேனைக் கொல்லும், உண்மைதான். ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்படலத்தையே புண்ணாக்கிவிடும். கண் மருத்துவரிடம் அனுப்பினோம், சில நாளில் சரியானது. முன்னாடியே வந்திருக்கலாமே என்றதற்கு, "பேனுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு வர ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார்.

பள்ளி முகாம்களுக்குப் போய் வருகிறவள் என்பதால் சொல்கிறேன், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பேனே இல்லாத வகுப்பறையை நான் பார்த்ததில்லை. அரசுப் பள்ளி, டை கட்டும் பள்ளி, எல்லாம் ஒன்றுதான். அந்த வயதில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே புத்தகத்துக்குள் நாலு தலையை நுழைத்துக்கொள்வார்கள். பேனுக்குப் பறக்கவோ குதிக்கவோ தெரியாது, முடியிலிருந்து முடிக்கு ஊர்ந்துதான் போகும், அதற்கு அது போதும். தினமும் தலைக்குக் குளிக்கிற பிள்ளையின் ரத்தமும் அதற்கு ரத்தம்தான், அதனால் சுத்தமில்லாத வீடு என்று யாரையும் பேச வேண்டாம்.

முதல் தடவை பேன் தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். நீங்கள் கண்டுபிடிக்கும்போது அது குடியேறிப் பல நாள் ஆகியிருக்கும். அதனால் பேன் இருக்கும் பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பதிலும், வீட்டுக்கு அனுப்புவதிலும் ஒரு பலனும் இல்லை. டீச்சர்களே, தயவுசெய்து வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள், அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பகல் வெளிச்சத்தில், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடு எடுத்துப் பாருங்கள். பொடுகு என்றால் தட்டினால் உதிரும், ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆகவே வேரிலிருந்து அதற்கும் தள்ளி இருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு. அதைப் பார்த்துப் பயந்து மருந்து போட வேண்டியதில்லை.

மருந்து என்றால் பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். கடையில் 5 சதவீதம் கொடுத்தால் வாங்காதீர்கள், அது சிரங்குக்கு. ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல், துண்டால் துவட்டிவிட்டு ஈரத்தலையிலேயே பூசி, 10 நிமிடத்தில் அலசிவிடுங்கள். அப்புறம் பேன் சீப்பு, பொறுமையாக. பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். மருந்துக்குத் தப்பிய ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கும், அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள், 9ஆம் நாள், மறுபடி பூசியாக வேண்டும். வீட்டில் எல்லார் தலையையும் அன்றைக்கே பாருங்கள், பேன் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் போடுங்கள். பாட்டியை விட்டுவிடாதீர்கள், பிள்ளை பெரும்பாலும் பாட்டி பக்கத்தில்தான் படுக்கும்.

மண்ணெண்ணெய், பூச்சி மருந்து எதுவும் கூடவே கூடாது. எண்ணெயில் கற்பூரம் கலந்து தேய்ப்பதும் வேண்டாம், கற்பூரம் உடம்புக்குள் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். மொட்டை அடித்தால் பேன் போகும், சரி, ஆனால் வேண்டுதல் இல்லாமல் மொட்டையோடு வகுப்புக்குப் போகும் எட்டு வயதுப் பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சொறிந்து சொறிந்து சீழ் வைத்திருந்தாலோ, கழுத்துக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கண் சரியானதும் அந்தப் பெண் மறுபடி வந்தாள். பள்ளியில் யார் பக்கத்தில் உட்காருவாய் என்று கேட்டேன், இரண்டு பெயர் சொன்னாள். அவர்கள் அம்மாக்களிடம் நீங்களே பேசுங்கள் என்றபோது அந்த அம்மா ரொம்பவே தயங்கினார். அடுத்த முறை வந்தபோது அவரே சொன்னார், மூன்று வீட்டிலும் பேனாம், மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஈர் உருவிக்கொண்டிருந்தார்களாம்.